வேலை நேரத்தை மாற்றிக்கொண்டால் பயண அலைச்சல் குறையுமா? வேலை கெட்டுப்போகாதா?

நீங்களும் மலேசியாவில், பெருநிலத்திலிருந்து பினாங்குத் தீவுக்கு வேலைக்குப் போகிறவர் என்று நினைத்துக்கொண்டுதான் எழுதுகிறேன். அலைச்சல் குறையும், வேலையும் கெடாது.

எனக்குப் பெருநிலப் பக்கம் பிறை என்ற ஊரில் வீடு, தீவில் பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலையின் கணக்குப் பிரிவில் வேலை. எட்டு மணிக்கு உள்ளே இருக்க வேண்டும். பினாங்குப் பாலத்தின் நீளம் 13.5 கிலோமீட்டர்தான். ஆனால் ஆறே முக்காலுக்குக் கிளம்பினாலும் கார் ஊர்ந்துதான் போகும். நடுவில் யாராவது இடித்துக்கொண்டால் அன்றைக்கு அவ்வளவுதான். நாற்காலியில் உட்காரும்போதே தலை கனக்கும். ஒரு மாதக் கடைசியில் ஒரே இன்வாய்ஸை இரண்டு தடவை பதிந்துவிட்டு, அந்த வித்தியாசத்தைத் தேடி இரவு ஒன்பது மணிவரை உட்கார்ந்திருந்தேன். அன்று பாலத்தில் அழுதுகொண்டே வீடு திரும்பினேன்.

2023 ஜனவரி முதல் தேதி வேலைச் சட்டத் திருத்தம் அமலுக்கு வந்தது. வேலை நேரத்தை மாற்றித் தரும்படி நாம் எழுத்தில் கேட்கலாம். முதலாளி 60 நாளுக்குள் எழுத்தில் பதில் தர வேண்டும், மறுத்தால் காரணம் சொல்ல வேண்டும். நான் காலை ஆறரை முதல் மூன்றரை வரை கேட்டேன், கிடைத்தது.

இப்போது ஐந்தே முக்காலுக்குக் கிளம்பினால் பாலம் வெறிச்சென்று கிடக்கும். எட்டு மணிவரை போன் அடிக்காது. பேங்க் கணக்கைச் சரிபார்க்கும் வேலை அதற்குள் முடிந்துவிடும். அந்த மாதிரித் தவறு மறுபடி வரவில்லை.

'சோம்பேறிகளுக்கு வக்காலத்து' என்று யாரும் எழுத வேண்டாம். அதே மணிக்கணக்குதான் உழைக்கிறேன். லைனில் ஷிப்ட் பார்ப்பவர்களுக்கும் பேக்டரி பஸ்ஸை நம்பி வருபவர்களுக்கும் இது முடியாது என்பதும் தெரியும். என் தம்பியே ஷிப்டில்தான் இருக்கிறான். ஆனால் மூன்றரைக்குப் பையை எடுக்கும்போதெல்லாம் "என்னம்மா, அரை நாள் லீவா?" என்று ஒரு மூத்தவர் கேட்பார். நான் வரும்போது அவர் தூங்கிக்கொண்டிருப்பார், அது மட்டும் கணக்கில் வராது.

அப்புறம் நம் கல்யாண விருந்துகள். அழைப்பிதழில் ஏழு மணி என்று போட்டுவிட்டு ஒன்பதரைக்குச் சாப்பாடு போட்டால், விடிகாலை எழுகிறவர்கள் என்ன செய்வது? பாதியில் எழுந்து வந்தால் சொந்தக்காரர்களுக்கு வருத்தம்.

சரி, நீங்கள் கேட்பதாக இருந்தால் வாய்ப்பேச்சில் விடாதீர்கள். எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை, நீங்கள் கிளம்பிய பிறகு அவசரம் வந்தால் யார் பார்ப்பார்கள், இரண்டையும் கடிதத்திலேயே எழுதிவிடுங்கள். என் மேனேஜர் முதலில் கேட்டது அந்த இரண்டாவதைத்தான்.