வெயிலில் மயங்கியவருக்குத் தண்ணீர் வாயில் அல்ல, உடம்பில்

கேள்வி: எங்கள் ஊர் செய்யாறு பக்கம். சித்திரை வெயிலில் மல்லாட்டை (நிலக்கடலை) பிடுங்கிக்கொண்டிருந்த என் மாமனார் (வயது 62) திடீரென்று சம்பந்தமில்லாமல் பேசினார், வரப்பில் தள்ளாடி விழுந்துவிட்டார். உடம்பு அனலாய்க் கொதித்தது. வாயில் சோடா ஊற்றினோம், காய்ச்சல் மாத்திரையைக் கரைத்துக் கொடுத்தோம். சூட்டு உடம்பில் பச்சைத்தண்ணீர் பட்டால் ஜன்னி வரும் என்று பெரியவர்கள் தடுத்ததால் தண்ணீர் ஊற்றவில்லை. ஐந்து நாள் ஆஸ்பத்திரியில் இருந்து தேறிவிட்டார். இனி யாருக்காவது இப்படி ஆனால் என்ன செய்வது?

பதில்: அவர் பிழைத்து வந்ததே பெரிய நிம்மதி. முதலில் அந்த ஜன்னி பயத்தைப் பேசிவிடுவோம். உங்கள் மாமனாருக்கு வந்தது போன்ற ஹீட் ஸ்ட்ரோக்கில் சிலருக்கு வலிப்பு வருவது உண்மைதான். அது தண்ணீரால் வருவதில்லை, மூளைக்கு ஏறிய சூட்டால் வருகிறது. உடம்பின் உள்சூடு 104 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தொட்டு, புத்தியும் தடுமாறினால் அது ஹீட் ஸ்ட்ரோக். சூடு எவ்வளவு நேரம் நீடிக்கிறதோ அவ்வளவுக்கு மூளை, சிறுநீரகம், கல்லீரல் எல்லாம் கெடும். அரை மணி நேரத்துக்குள் சூட்டை இறக்கிவிட்டால் பிழைக்கும் வாய்ப்பு மிக அதிகம். அதனால் ஆம்புலன்ஸ் வரும்வரை கையைக் கட்டிக்கொண்டு நிற்கக் கூடாது.

ஒருவர் 108க்குப் போன் செய்யட்டும். மற்றவர்கள் அவரை நிழலுக்குத் தூக்கிச் சென்று, சட்டையைக் கழற்றி, வேட்டியைத் தளர்த்திவிட்டு, தலை முதல் கால் வரை தண்ணீர் ஊற்றுங்கள். மூக்கிலும் வாயிலும் போகாமல் பார்த்துக்கொண்டால் போதும். பம்புசெட் ஓடினால் ஓஸ் பைப்பை இழுத்து வாருங்கள். ஒன்று மட்டும் கவனம்: வெயிலில் கிடந்த பைப்பில் முதலில் வருவது வெந்நீர். கையில் பிடித்துப் பார்த்து, குளிர்ந்த தண்ணீர் வந்த பிறகு அவர்மேல் திருப்புங்கள். ஊற்றிக்கொண்டே முறத்தாலோ அட்டையாலோ விடாமல் விசிற வேண்டும். ஈரம் காற்றில் காயும்போதுதான் சூட்டை எடுத்துக்கொண்டு போகிறது. ஈரத்துண்டைப் போர்த்தி அப்படியே விட்டுவிட்டால் கொஞ்ச நேரத்தில் துண்டே சூடாகிவிடும். அடிக்கடி நனைத்து மாற்றுங்கள். ஐஸ் கிடைத்தால் துணியில் சுற்றிக் கழுத்து, அக்குள், தொடை இடுக்கில் வையுங்கள்.

கட்டட வேலை நடக்கும் இடத்தில் மயங்கியவர் இளவயதுக்காரராக இருந்தால் இன்னொரு வழி உண்டு. தார்ப்பாயில் படுக்கவைத்து, நாலு பக்கமும் ஆட்கள் தூக்கிப் பிடித்து, தொட்டி மாதிரி ஆக்கித் தண்ணீரும் ஐஸும் கொட்டி அலசலாம். தலையை ஒருவர் தாங்கியபடியே இருக்க வேண்டும். வேலையிடத்தில் வேகமாகச் சூட்டை இறக்கும் வழிகளில் இது ஒன்று.

அப்புறம் அந்த சோடா. நினைவு தடுமாறியவர் வாயில் எதை ஊற்றினாலும் அது நுரையீரலுக்குள் போகலாம். பெயர் என்ன, இன்று என்ன கிழமை என்று கேளுங்கள். தெளிவாகப் பதில் சொல்லி, தானாக டம்ளரைப் பிடித்துக் குடிக்க முடிந்தால் மட்டும் ஓஆர்எஸ் கரைசலோ உப்புப் போட்ட நீர்மோரோ மடக்கு மடக்காகக் கொடுக்கலாம். பதில் குழறினால் சொட்டுத் தண்ணீர்கூட வேண்டாம். மயங்கி மூச்சு மட்டும் ஓடினால் ஒருக்களித்துப் படுக்கவைத்துக் குளிர்வியுங்கள். மூச்சே இல்லையென்றால் நெஞ்சை அழுத்தும் முதலுதவியை உடனே தொடங்குங்கள். வலிப்பு வந்தால் கையில் சாவி கொடுப்பதில் பயனில்லை.

காய்ச்சல் மாத்திரையும் இங்கே வேலை செய்யாது. காய்ச்சலில் மூளையே உடம்பின் சூட்டைக் கூட்டி வைக்கிறது, மாத்திரை அதைக் குறைக்கிறது. இது வெயிலாலும் வேலையாலும் ஏறிய சூடு. ஏற்கெனவே திணறும் கல்லீரலுக்கு மாத்திரை கூடுதல் சுமை.

வியர்வை வழிகிறதே, அப்படியானால் ஹீட் ஸ்ட்ரோக் இல்லை என்று விட்டுவிடாதீர்கள். கடும் வேலை செய்து விழுந்தவருக்கு வியர்வை கொட்டிக்கொண்டே இருக்கும். அக்குளில் வைக்கும் தெர்மாமீட்டர் உள்சூட்டைக் குறைத்துத்தான் காட்டும், அதையும் நம்ப வேண்டாம்.

தெளிந்து எழுந்து உட்கார்ந்துவிட்டாலும் ஆஸ்பத்திரிக்குப் போயே ஆக வேண்டும். தசைகள் சிதைந்து, மறுநாள் சிறுநீர் கட்டங்காப்பி நிறத்தில் போகலாம். சிறுநீரகம் அடிவாங்குகிறது என்று அர்த்தம். மாமனார் பிரஷருக்கு நீர் மாத்திரை சாப்பிடுகிறாரா என்று பாருங்கள். சாப்பிட்டால் வெயில் காலத்துக்கு அளவை மாற்ற வேண்டுமா என்று அவருடைய டாக்டரிடம் கேளுங்கள், நீங்களாக நிறுத்த வேண்டாம். ஒருமுறை இப்படி விழுந்தவருக்குச் சில வாரங்கள் வரை உடம்பு சூட்டைத் தாங்காது. டாக்டர் சரி என்று சொல்லும்வரை அவரைக் கொல்லை வேலைக்கு அனுப்பாதீர்கள்.