அம்மா ஏன் வாசலோடு நின்றுவிடுகிறார்?

கேள்வி: மலேசியாவின் கோலக்கெட்டில் ஊர்ப் பக்கம் தோட்டத்து லயத்தில் (தொழிலாளர் வரிசை வீடுகளில்) இருந்தோம். வெள்ளத்தில் வீடு போனதும் தாமானுக்கு (குடியிருப்புப் பகுதிக்கு) மாறிவிட்டோம். அம்மாவுக்கு 74 வயது. தோட்டத்தில் கோயிலுக்கும் கடைக்கும் அவராகவே நடப்பார். இங்கே வாசலோடு சரி. கடை வரிசை 400 மீட்டர்தான். எப்படி நடக்க வைப்பது?

பதில்: அம்மாவுக்குக் கால் போய்விட்டது என்று முடிவு கட்டிவிடாதீர்கள். ஜப்பானின் நீகாத்தாவில் 2004 நிலநடுக்கத்துக்குப் பிறகு, காயமே படாத முதியவர்கள் பலர் நடக்கத் திணறினார்கள். வயல் வேலை, அக்கம்பக்கம் என்று நாளெல்லாம் இருந்த நடமாட்டம் நின்றுபோனதுதான் காரணம். லயத்தில் உங்கள் அம்மாவும் 'வாக்கிங்' போகவில்லை. கறிவேப்பிலை ஒடிக்கப் போனார், வழியில் நாலு வீட்டில் உட்கார்ந்தார், அவ்வளவுதான்.

400 மீட்டர் உங்களுக்கு 5 நிமிடம். உட்கார இடமில்லாத வெயிலில் அவருக்கு அது அடுத்த ஊர். ஒருநாள் காலை 8 மணிக்குக் கூடவே போய், எங்கே நிற்கிறார், எதைப் பிடிக்கிறார் என்று பாருங்கள். எனக்குத் தெரிந்து பாதி வழக்குகளில் குற்றவாளி லோங்காங் (சாக்கடைக் கால்வாய்) மேல் கிடக்கும் சிமெண்டுப் பலகை. இரண்டு பலகைக்கு நடுவே கைத்தடி முனை நுழையும் சந்து, மிதித்தால் 'டொக்' என்று ஆடும் மூலை, மழை விட்டதும் பாசி. ஒருமுறை கால் ஆடினால் போதும், மறுநாள் "முட்டி வலி" என்பார்.

மாவட்ட மன்றத்துக்கு எழுதும்போது 'நடைபாதை சரியில்லை' என்று பொதுவாக எழுதாதீர்கள். எந்த வீட்டு எண்ணுக்கு எதிரே, எந்தப் பலகை என்று குறிப்பிட்டு, சந்தில் கைத்தடியை நிறுத்திப் படம் எடுத்து அனுப்புங்கள். உங்கள் வாசல் சாய்வையும் அளந்து பாருங்கள். 1 பங்கு உயரத்துக்கு 12 பங்கு நீளம் வேண்டும். 15 சென்டிமீட்டர் படிக்கு 1.8 மீட்டர். மோட்டார் சைக்கிள் ஏற்றப் போட்ட சாய்வு வயதானவருக்குச் சறுக்குமரம்தான்.

அப்புறம் சாலை. முதியவர்கள் பலர் நொடிக்கு 0.8 மீட்டர்தான் நடப்பார்கள். 7 மீட்டர் சாலையைத் தாண்ட 9 நொடி ஆகும். அதற்குள் 60 கிலோமீட்டர் வேகத்தில் வரும் மோட்டார் 150 மீட்டர் வந்துவிடும். அதனால் வளைவுக்குப் பக்கத்தில் கடக்கவே கூடாது. கொஞ்சம் சுற்றினாலும் இரு பக்கமும் தூரம் தெரியும் இடமாகப் பாருங்கள்.

ஊர் முழுக்கச் சீராகும்வரை காத்திருக்க வேண்டாம், ஒரே ஒரு வழியைச் சரிபண்ணுங்கள். பாதி தூரத்தில் நிழலுள்ள வீட்டுக்காரரிடம் கேட்டு ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போடுங்கள். அதே தோட்டத்திலிருந்து வந்த ஒருவர் அருகில் இருந்தால் இன்னும் நல்லது, அம்மாவுக்குப் போக ஓர் இடம் கிடைத்துவிடும். கடைச் சாமானை நீங்களே மோட்டாரில் வாங்கி வந்து கொடுப்பது பாசம்தான், ஆனால் வெற்றிலையையாவது அவர் போய் வாங்கட்டும். முதல் வாரம் கூடவே நடங்கள். கையைப் பிடித்து இழுக்காமல், சாலைப் பக்கமாக, அரை அடி பின்னால்.