வகுப்பில் யாரும் வாய் திறப்பதில்லை

அன்புள்ள அக்கா,

டொராண்டோவிலிருந்து வந்து, ஹூனான் மாகாணத்துச் சாங்ஷாவில் ஓர் உயர்நிலைப் பள்ளியில் ஆங்கிலம் படிப்பிக்கிறேன். வந்து மூன்று கிழமைதான். வகுப்பில் ஐம்பது பிள்ளைகள். கேள்வி கேட்டால் ஒருவரும் வாய் திறப்பதில்லை, எல்லாரும் மேசையைப் பார்க்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை வகுப்பு இருக்கிறது என்று சனி இரவுதான் எனக்குத் தெரிந்தது. மற்ற ஆசிரியர்களுக்கு முதலே தெரிந்திருக்கிறது. வெள்ளிக்கிழமைகளில் நான் மரக்கறிதான், ஆனால் இங்கே போஞ்சிக்காய்க்குள்ளும் இறைச்சி கிடக்கிறது. என்னை இவர்களுக்குப் பிடிக்கவில்லையோ என்று இருக்கிறது. திரும்பிவிடலாமா?

ம.

அன்புள்ள ம.,

திரும்புவதைப் பற்றிச் சீனப் புத்தாண்டு விடுமுறையில் யோசித்துக்கொள்ளலாம். நீங்கள் எழுதியிருக்கும் மூன்றும் வூஹானில் எனக்கும் நடந்தவைதான். மூன்றுக்கும் உங்களைப் பிடிப்பதற்கும் பிடிக்காததற்கும் சம்பந்தமே இல்லை.

முதலில் அந்த மௌனம். உங்கள் பிள்ளைகளின் ஒரு நாளைக் காலையிலிருந்து ராத்திரி வரை கூட இருந்து பாருங்கள். ஏழு மணி வாக்கில் வாய்விட்டு வாசிப்பதில் தொடங்கும். நடுவில் ஒலிபெருக்கியில் இசை போட்டுக் கண் பயிற்சி. வகுப்பு முழுக்கக் கண்ணை மூடிக்கொண்டு, புருவ ஓரத்தையும் மூக்கின் மேல்பக்கத்தையும் தாளத்துக்கு ஏற்ப விரலால் அழுத்தும். மதியம் சாப்பிட்டதும் மேசையிலேயே கவிழ்ந்து தூக்கம். சாயங்காலம் வீட்டுக்குப் போவார்களா என்றால் இல்லை, ராத்திரி ஒன்பது, பத்து மணி வரை அதே வகுப்பறையில் படிப்பு. எல்லாம் ஜூன் 7ஆம் தேதி தொடங்கும் காவ்காவ் என்ற பல்கலைக்கழக நுழைவுத் தேர்வுக்காக. மொத்தம் 750 மதிப்பெண்ணில் ஆங்கிலத்துக்கு 150. ஆனால் பெரும்பாலான மாகாணங்களில் பேச்சுக்கு அந்த 150இல் இடம் கிடையாது. மதிப்பெண்ணுக்கான ஆங்கிலத்தை அவர்களுடைய சீன ஆசிரியர் நடத்திவிடுகிறார். மதிப்பெண் இல்லாத ஒரு பாடத்துக்காக, ஐம்பது பேர் முன்னால் எழுந்து தப்பும் தவறுமாகப் பேச எந்தப் பிள்ளைக்கு மனசு வரும்?

அதனால் 'யார் சொல்வீர்கள்?' என்று பொதுவில் கேட்காதீர்கள். கேள்வியைப் பலகையில் எழுதுங்கள். ரெண்டு நிமிடம் நோட்டில் பதில் எழுத விடுங்கள். அப்புறம் பக்கத்தில் இருப்பவரிடம் அதைச் சொல்லச் சொல்லுங்கள். இரைச்சல் கிளம்பும். அதை அடக்காமல், வரிசைகளுக்கு நடுவில் நடந்து ஒவ்வொரு மேசையாகக் காது கொடுங்கள். உங்களைப் பற்றி அவர்களைக் கேள்வி கேட்க விடுவதும் நன்றாக வேலை செய்யும். சம்பளம் எவ்வளவு, ஏன் இன்னும் கல்யாணம் ஆகவில்லை என்றெல்லாம் கேட்பார்கள், கோபித்துக்கொள்ள வேண்டாம். மதியத் தூக்கத்துக்கு அடுத்த பீரியட் உங்களுடையது என்றால் முதல் ஐந்து நிமிடத்தை மறந்துவிடுங்கள், போனதுதான்.

ஞாயிறு வகுப்பு விஷயம். அக்டோபர் 1 தேசிய தின விடுமுறையை நீட்டுவதற்காக, அதற்கு முன்போ பின்போ சனி, ஞாயிறில் வேலை செய்து ஈடுகட்டுவது அங்கே வழக்கம். எந்தெந்த நாள் என்பதை அரசாங்கம் முந்தைய வருடமே அறிவித்துவிடும். சீன ஃபோன்களின் நாட்காட்டியில் அந்தத் தேதியின் ஓரத்தில் குட்டியாக ஓர் எழுத்துகூட நிற்கும். ஊருக்கே தெரிந்த விஷயத்தை உங்களிடம் தனியாகச் சொல்ல வேண்டும் என்று யாருக்கும் தோன்றியிருக்காது. உங்களுக்கும் கடைசி நிமிடத்தில்தான் தெரியவரும் மாற்றங்களும் நடக்கும்: திடீர்த் தேர்வு, திடீர் விளையாட்டு விழா. அதில் எனக்குக் கடைசிவரை எரிச்சல்தான். வீசாட் என்பது அங்கே எல்லோரும் செய்தி அனுப்பும் செயலி, அதில் உங்கள் பள்ளியின் குழுவில் இருங்கள். செய்தியை அழுத்திப் பிடித்தால் மொழிபெயர்ப்பு வரும். ஒரு சக ஆசிரியரைப் பிடித்து, 'இந்த வாரம் எனக்குத் தெரியாதது ஏதாவது இருக்கிறதா?' என்று திங்கள்தோறும் கேளுங்கள்.

சாப்பாடு. 'இறைச்சி வேண்டாம்' என்று மட்டும் சொன்னால் கொத்திய பன்றி இறைச்சியைப் பலர் கணக்கில் சேர்ப்பதில்லை, அது ருசிக்குப் போடுவது. கொத்திய இறைச்சி, பன்றிக் கொழுப்பு, இறைச்சி வேகவைத்த நீர் எதுவும் வேண்டாம் என்று தனித்தனியாகச் சீனத்தில் எழுதி வாங்கி ஃபோனில் வைத்துக் காட்டுங்கள். புத்தர் கோயில்களை ஒட்டிச் சைவ உணவகங்கள் இருக்கும். உங்கள் ஊரில் கைஃபு கோயில் பக்கம் விசாரியுங்கள். காரத்துக்குக் குறைச்சல் இருக்காது, ஹூனான்காரர்கள் நம்மையே தண்ணீர் கேட்க வைப்பார்கள். கேட்டால் வெந்நீர்தான் வரும்.

இதைப் படித்துவிட்டு நாமும் போகலாமா என்று எழுதப்போகும் மற்றவர்களுக்கு ஒன்று. ஆங்கிலம் நடத்தும் வேலைக்கு ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்ட நாடுகளின் பாஸ்போர்ட்டைத்தான் பொதுவாகக் கேட்கிறார்கள். இவருடைய கனடா பாஸ்போர்ட் அதில் அடங்கும், இந்திய, இலங்கை பாஸ்போர்ட்டோடு மிகவும் கஷ்டம். 'சுற்றுலா விசாவிலோ மாணவர் விசாவிலோ வாருங்கள், அப்புறம் மாற்றிக்கொள்ளலாம்' என்று ஏஜெண்ட் சொன்னால் நம்பாதீர்கள். அந்த விசாக்களில் வகுப்பெடுப்பது சட்டவிரோதம், மாட்டினால் அபராதமும் நாடுகடத்தலும் உங்களுக்குத்தான்.

ம., வீடு மாறினால் 24 மணி நேரத்துக்குள் போலீஸ் நிலையத்தில் முகவரியை மறுபடி பதிய மறக்காதீர்கள். அப்புறம், கனடாக் குளிரையே பார்த்தவள் என்று அசட்டையாக இருந்துவிடாதீர்கள். நகரம் முழுக்கக் குழாய் வழியே வெப்பம் வருவது சின்லிங் மலைக்கும் ஹுவாய் ஆற்றுக்கும் வடக்கேதான். சாங்ஷா தெற்கே இருக்கிறது. ஈரக் குளிர், வகுப்பில் எல்லோரும் தடிமனான கோட்டோடு உட்கார்ந்திருப்பார்கள், காற்றோட்டத்துக்கு ஜன்னல் வேறு திறந்திருக்கும். மெத்தை மேல் விரிக்கும் மின்சாரக் கம்பளியை நவம்பரிலேயே வாங்கிவிடுங்கள்.