வாசகர் கேள்வி: நிரூபித்த கோடுக்கு டெஸ்டர் எதற்கு?

கேள்வி: பெங்களூரில் ஒரு கம்பெனியில் டெஸ்டராக இருக்கிறேன் மேடம். எங்கள் டீமில் ஃபார்மல் வெரிஃபிகேஷன் கொண்டுவரப் போகிறார்களாம். கோட் சரி என்று கணிதப்படியே நிரூபித்துவிட்டால் எனக்கு அங்கே என்ன வேலை?
– ஒரு வாசகி, மாரத்தஹள்ளி

பதில்: வேலை இருக்கிறது. எதை நிரூபிக்க வேண்டும் என்று சொல்ல ஆள் வேண்டுமே.

பைனரி சர்ச் நீங்கள் காலேஜில் படித்ததுதான். வரிசைப்படுத்திய பட்டியலின் நடுவில் பார்த்து, வேண்டாத பாதியைத் தள்ளிவிட்டுத் தேடுவது. நடு இடத்துக்கு, முதல் இடத்தின் எண்ணையும் கடைசி இடத்தின் எண்ணையும் கூட்டி இரண்டால் வகுப்போம். இது சரி என்று தாளில் நிரூபித்தே காட்டியிருந்தார்கள். ஜாவா லைப்ரரியிலும் அது பல வருஷம் ஓடியது. 2006-ல்தான் அதில் பக் இருப்பது வெளியே வந்தது. ஜாவாவில் இன்ட் என்ற முழு எண் வகை 2,147,483,647 வரைதான் தாங்கும். பட்டியல் 107 கோடியைத் தாண்டினால் அந்தக் கூட்டல் நிரம்பி வழிந்து மைனஸ் எண்ணாகிவிடும். நிரூபணத்தில் தப்பே இல்லை. தாளில் எண்ணுக்கு எல்லை கிடையாது, மெஷினில் உண்டு. அதை யாரும் எழுதி வைக்கவில்லை, அவ்வளவுதான்.

இன்றும் இதே கதைதான். எழுதிய கோட் சரியா என்று டூலே நிரூபித்துப் பார்க்கும் டாஃப்னி என்ற மொழியில் சாதாரண இன்ட்டுக்கு எல்லை இல்லை. பழைய பைனரி சர்ச்சை அதில் எழுதினால் நிரூபணம் தேறிவிடும். ஜாவாவின் இன்ட் போல 32 பிட் எண் வகையை நீங்களே வரையறுத்து மறுபடி ஓட்டுங்கள். அந்தக் கூட்டல் வரியிலேயே டூல் நின்றுவிடும்.

நான் பார்ப்பது சிப் வெரிஃபிகேஷன். ‘ரிக்வஸ்ட் (அனுமதி கேட்கும் சிக்னல்) வந்தால் எப்போதாவது கிராண்ட் (அனுமதி) கிடைத்தே தீரும்’ என்று, நிரூபிக்க வேண்டிய ஒரு பிராப்பர்ட்டி எழுதியிருந்தோம். டூலும் தேறிவிட்டது என்றது. டெஸ்டிங்கிலிருந்து எங்கள் டீமுக்கு வந்த ஒரு பெண், “நடுவில் ரீசெட் வந்தால்?” என்று கேட்டார். ரீசெட் என்றால் சிப்பை ஆரம்ப நிலைக்குக் கொண்டுபோகும் சிக்னல். ரீசெட் ஆரம்பத்தில் மட்டும்தான் வரும் என்று டூலிடம் சொல்லி வைத்திருந்தோம். அந்த ஒரு வரியை எடுத்ததும் திரையில் ஒரு வேவ்ஃபார்ம், அதாவது சிக்னல்கள் ஏறி இறங்கும் படம், வந்தது. ரிக்வஸ்ட் உயர்கிறது, அடுத்த கிளாக்கில் ரீசெட், அப்புறம் கிராண்ட் வரவே இல்லை. லட்சக்கணக்கான டெஸ்டில் சிக்காதது அது. டூல் கண்டுபிடித்தது என்று சொல்வார்கள். கேள்வி கேட்டது அந்தப் பெண். உங்களுக்குக் கை வந்த கலையும் அதுதானே?

கேள்வி: தானாக ஓடும் காரையும் இப்படி நிரூபித்துவிடலாம் என்கிறான் என் பேரன். முடியுமா?
– ஓய்வுபெற்ற ஆசிரியர், அல்சூர்

பதில்: ஒரு பகுதியை முடியும் ஐயா, முழுதாக இல்லை.

ஆளில்லா விமானங்கள் மோதிக்கொள்ளாமல் தடுக்க ஏகாஸ் எக்ஸ்யூ என்று ஒரு அமைப்பு உண்டு. எந்த நிலையில் என்ன செய்ய வேண்டும் என்று சொல்லும் அதன் பெரிய அட்டவணையை 45 சின்ன நியூரல் நெட்வொர்க்குகளாகச் சுருக்கிப் பார்த்தார்கள். ஒவ்வொன்றிலும் 300 நியூரான். 2017-ல் ஸ்டான்ஃபோர்டில் ரீலூப்ளெக்ஸ் என்ற முறையை உருவாக்கி, அவற்றின் சில பண்புகளை நிரூபித்தார்கள். எதிர் விமானம் இன்ன தூரத்தில், இன்ன கோணத்தில், இன்ன வேகத்தில் வந்தால் இன்ன பக்கம் திரும்பச் சொல்ல வேண்டும் என்பது போன்றவை. முடிந்ததற்குக் காரணம், உள்ளே போவதெல்லாம் தூரம், கோணம், வேகம் என்று பெயருள்ள எண்கள்.

கார் கேமராவுக்குள் போவது லட்சக்கணக்கான புள்ளிகள். ‘எதிரே ஆள் நின்றால் நிறுத்து’ என்று நாம் சொல்லிவிடலாம். குடை பிடித்தவர், பாதி ஆட்டோவுக்குப் பின்னால் மறைந்தவர், தலையில் கூடை வைத்திருப்பவர் எல்லாரையும் அந்தப் புள்ளிகளின் மொழியில் யார் எழுதுவது? ஒரு படத்தின் வெளிச்சத்தைக் கொஞ்சம் கூட்டிக் குறைத்தாலும் நெட்வொர்க்கின் பதில் மாறாது என்று நிரூபிக்கலாம். அது அந்த ஒரு படத்துக்குத்தான். ‘நிரூபிக்கப்பட்ட ஏ.ஐ.’ என்று விளம்பரம் செய்பவர்கள் இதைச் சொல்லாமல் விடுவது எனக்குக் கோபம் வரவழைக்கிறது. ரோட்டில் நடப்பவர் அந்த வார்த்தையை நம்பித்தானே நடக்கிறார்.

ஆனால் கேமராவைச் சுற்றி ஒரு காவல் போடலாம். கேமரா என்ன சொன்னாலும் சரி, முன்னால் இருப்பது இவ்வளவு தூரத்துக்குள் வந்துவிட்டதாக ரேடார் சொன்னால் பிரேக் விழ வேண்டும். இதில் எல்லாமே எண்கள், அதனால் நிரூபிக்கலாம். மழை பெய்த ரோட்டில் வண்டி நிற்க அதிக தூரம் பிடிக்கும். அந்தக் கணக்கைச் சேர்த்திருக்கிறார்களா என்று பேரனைக் கேளுங்கள்.