நோட்டெல்லாம் சரிதான், படிக்கத்தான் முடியவில்லை! – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: எங்கள் சர்ச் பாடகர் குழுவுக்காக நான்கு குரல் பாடல் ஒன்றின் நோட்டுகளை (இசைக்குறிகளை) மியூஸ்ஸ்கோர் 4 என்ற இசை எழுதும் மென்பொருளில் அடித்தேன். ஒரு நோட்டுகூடத் தப்பில்லை. ஆனால் பழைய அச்சுப் புத்தகத்தைப் பார்த்த மாத்திரத்தில் பாடுகிறவர்கள் இதில் தடுமாறுகிறார்கள். ஏன்? – ஒரு வாசகி, பாளையங்கோட்டை

பதில்: முதலில் ஒவ்வொரு வரியிலும் எத்தனை பார் (இரண்டு செங்குத்துக் கோடுகளுக்கு நடுவே உள்ள தாளப் பகுதி) விழுந்திருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். இடம் இருக்கிற வரை மென்பொருள் பாரைத் திணித்துக்கொண்டே போகும். பாட்டின் அடி எங்கே முடிகிறது என்பது அதற்குத் தெரியாது. நல்ல புத்தகத்தில் அடி முடிகிற இடத்தில்தான் பெரும்பாலும் வரியும் முடியும். அந்தப் பாரைத் தேர்ந்து என்டர் தட்டுங்கள், வரி அங்கே உடையும். பாதித் தடுமாற்றம் இதிலேயே தீரும்.

அடுத்தது இடைவெளி. மினிம் (உள்ளே வெறுமையான தலை கொண்ட நோட்டு), கிராட்செட்டைப் (கறுத்த தலை கொண்ட நோட்டு) போல் இரு மடங்கு நேரம் ஒலிக்கும். அதற்காக இரு மடங்கு இடம் விட்டால் பக்கம் முழுக்க ஓட்டை விழும். இரண்டுக்கும் ஒரே இடம் விட்டால் கண்ணுக்குத் தாளமே தெரியாது. ஏறத்தாழ ஒன்றரை மடங்குதான் பழகிய கணக்கு. ஸ்டைல் ஜன்னலின் மெஷர் பக்கத்தில் இந்த விகிதத்தை மாற்றலாம். சில பார்கள் மட்டும் நெருக்கியடித்தால் அவற்றைத் தேர்ந்து } தட்டினால் அகலும், { தட்டினால் நெருங்கும்.

இதற்கு மேலும் ஒரு நுட்பம் உண்டு. மேல்நோக்கிய தண்டு (தலையிலிருந்து நீளும் செங்குத்துக் கோடு) நோட்டுத் தலையின் வலப்பக்கம் நிற்கும், கீழ்நோக்கியது இடப்பக்கம். மேல்தண்டு நோட்டை அடுத்துக் கீழ்த்தண்டு நோட்டு வந்தால், தலைகளுக்கு நடுவே சரியான இடம் இருந்தாலும் தண்டுகள் ஒட்டினாற்போல் தெரியும். அந்தக் காலத்தில் அச்சுக்காக இசையை உலோகத் தகட்டில் பொறித்தவர்கள் அங்கே ஒரு மயிரிழை கூட்டுவார்கள். தண்டுகள் எதிர்மாறாக வந்தால் குறைப்பார்கள். அளவுகோலை விடக் கண்ணை நம்பிய வேலை அது. 1996இல் இரண்டு டச்சுக்காரர்கள் லில்லிபாண்ட் என்ற இலவச மென்பொருளைத் தொடங்கியதே இந்தக் கைப்பழக்கத்தைக் கணினிக்குச் சொல்லிக்கொடுக்கத்தான்.

கேள்வி: தமிழ்ப் பாட்டு வரிகளைக் கீழே சேர்த்ததும் நோட்டுகள் கன்னாபின்னாவென்று விலகிவிடுகின்றன. என்ன செய்யலாம்?

பதில்: ‘கொண்’ என்ற ஓரசையே எவ்வளவு அகலம், பாருங்கள்! அசைகள் முட்டிக்கொள்ளாமல் இருக்க மென்பொருள் நோட்டுகளைத் தள்ளுகிறது. அதனால் ஒரு குவேவர் (கிராட்செட்டில் பாதி நேர நோட்டு) மினிமை விட அதிக இடம் பிடித்துக்கொள்ளும். குறுகலான எழுத்துரு ஒன்றைத் தேர்ந்து அளவை ஒரு பாயின்ட் குறையுங்கள். போதவில்லையா, வரிக்கு ஒரு பார் குறையுங்கள். அதற்கு மேல் எழுத்தைச் சுருக்கினால் மூக்குக்கண்ணாடிக்காரர்கள் சபிப்பார்கள்.

பலர் செய்யும் பிழை ஒன்று: ‘அன்பே’ என்பதை ‘அ-ன்பே’ என்று பிரிப்பது. புள்ளி வைத்த எழுத்தில் அசை தொடங்காது, ‘அன்-பே’தான். அசைகளுக்கு நடுவே ஹைபன் விசை. சொல்லின் கடைசி அசையைப் பல நோட்டுகளுக்கு இழுத்தால் அடிக்கோடு விசை. இரண்டாம் சரணம் இருந்தால் வரிகளுக்கு நடுவே சற்று இடம் கூட்டுங்கள். ‘பூ’, ‘மூ’ போன்றவற்றின் கீழ்ச்சுழி அடுத்த சரணத்தில் வரும் ‘கி’, ‘கீ’ போன்றவற்றின் மேல்வளைவில் போய் இடிக்கும்.

கேள்வி: ஏ4 பக்கத்தை ஏ5 ஆகச் சுருக்கி ஜெராக்ஸ் எடுத்தால் நோட்டுகள் நிற்கும் ஐந்து கோடும் மங்கிவிடுகிறதே?

பதில்: சுருக்கும்போது கோட்டின் தடிமனும் சேர்ந்து சுருங்குகிறது. இரண்டு கோடுகளுக்கு நடுவே உள்ள இடம் 1.75 மி.மீ., கோடு அதில் 0.11 பங்கு என்றால் தடிமன் சுமார் 0.19 மி.மீ. ஏ5க்கு 71 சதவீதமாகச் சுருக்கினால் 0.14 மி.மீ.தான் மிஞ்சும், நகல் இயந்திரம் அதைத் தின்றுவிடும். ஆகவே ஜெராக்ஸில் சுருக்காதீர்கள். மென்பொருளிலேயே பக்கத்தை ஏ5 ஆக்கி, கோட்டிடையை 1.4 மி.மீ. ஆகவும், கோட்டுத் தடிமனை அந்தக் கோட்டிடையில் 0.14 பங்காகவும் வையுங்கள். பழைய 0.19 மி.மீ.க்குக் குறையாமல் கிடைத்துவிடும். சிறிய ஸ்டாஃபுக்கு (ஐந்து கோட்டுத் தொகுதிக்கு) பருமனான கோடும் தலையும் வேண்டும் என்பது தகட்டுக் காலத்திலிருந்தே உள்ள வழக்கம்தான்.

கேள்வி: வயலின் வாசிப்பவர் பக்கம் திருப்பத் திண்டாடுகிறார்.

பதில்: வலப்பக்கத் தாள் ஓர் ஓய்வில் (வாசிக்காமல் நிற்கும் இடத்தில்) முடியட்டும். ஓய்வு உள்ள பாரைத் தேர்ந்து கன்ட்ரோல், என்டர் இரண்டையும் சேர்த்துத் தட்டினால் பக்கம் அங்கே முறியும். அடியில் இரண்டு வரி வெற்றிடம் விழுந்தாலும் பரவாயில்லை.