படகின் அடியை அரித்த கட்டை: 650 டாலரோடு விட்டுவிடலாமா?

கேள்வி: சிட்னியின் மேற்குப் புறநகர் ஒன்றில் வசிக்கிறேன். மீன்பிடிக்க 4.5 மீட்டர் அலுமினியப் படகு வைத்திருக்கிறேன். டிரெய்லரில் படகைத் தாங்கும் பங்க் கட்டைகள் உளுத்துப்போனதால், இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஒரு பட்டறையில் 650 டாலர் கொடுத்து மாற்றினேன். கட்டை, கார்ப்பெட் எல்லாம் அவர்கள் வாங்கிப் போட்டதுதான். போன மாதம் படகைத் தூக்கிப் பார்த்தால், கட்டை படும் இடமெல்லாம் அம்மைத் தழும்பு போலக் குழிகள். இரண்டு இடத்தில் ஓட்டையே விழுந்திருக்கிறது. வெல்டிங் செய்ய 4,200 டாலர் கேட்கிறார்கள். பட்டறைக்காரரோ, ஆறு மாத வாரண்டி முடிந்துவிட்டது, படகுச் சேதத்துக்குப் பொறுப்பல்ல என்று பில்லிலேயே போட்டிருக்கிறோம் என்கிறார். 650 டாலரைத் திருப்பித் தருவதாகச் சொல்லி ஒரு தாளில் கையெழுத்துக் கேட்கிறார். போடலாமா?

பதில்: போடாதீர்கள். அந்தத் தாளில் 'முழுமையான, இறுதித் தீர்வு' என்று ஒரு வரி பெரும்பாலும் இருக்கும். கையெழுத்திட்டால் மீதிப் பணத்தைக் கேட்கும் வழியை நீங்களே அடைத்துக்கொள்வீர்கள்.

பில்லில் உள்ள வாசகத்துக்குப் பயப்படவும் வேண்டாம். ஆஸ்திரேலிய நுகர்வோர் சட்டத்தின் 60-ஆம் பிரிவுப்படி, வேலையை உரிய கவனத்தோடும் திறமையோடும் செய்துதர வேண்டும். 'பொறுப்பல்ல' என்று அச்சடித்து அந்தக் கடமையைக் கழற்றிவிட முடியாது. 64-ஆம் பிரிவின்படி அப்படிப்பட்ட வாசகம் செல்லாது. ஆறு மாத வாரண்டி அவர்களாகத் தந்தது. அது முடிந்தாலும் சட்டம் தரும் உத்தரவாதம் தனியே நிற்கும். வேலையில் உள்ள குறையால் நேரும் என்று முன்கூட்டியே எதிர்பார்க்கக்கூடிய சேதத்துக்கும் இழப்பீடு கேட்கலாம் (267-ஆம் பிரிவு).

ஆனால் வழக்கின் உயிர் சட்டப் பிரிவுகளில் இல்லை, அந்தக் கட்டையில் இருக்கிறது. டிரீட்டட் பைன், அதாவது மருந்தேற்றிய பைன் மரம், போட்டிருப்பார்கள் என்பது என் சந்தேகம். உளுக்காமலிருக்க ஏற்றும் மருந்துகளில் சிசிஏ, ஏசிக்யூ போன்றவற்றில் தாமிரம் உண்டு. தாமிரமும் அலுமினியமும் உப்பு ஈரத்தில் சேர்ந்தால் அலுமினியம் அரித்துப்போகும். கார்ப்பெட் அந்த ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். படகு வேலை செய்கிறவர்களுக்கு இது தெரிந்திருக்க வேண்டிய சங்கதி. வேலி போட அது நல்ல கட்டைதான், அலுமினியப் படகுக்கு அடியில்தான் ஆகாது. எல்லா டிரீட்டட் பைனிலும் தாமிரம் இருப்பதில்லை என்பதால், உங்கள் கட்டையில் இருப்பதை நீங்கள்தான் நிரூபிக்க வேண்டும்.

ஆகவே படகை இன்றே அந்தக் கட்டைகளிலிருந்து இறக்குங்கள். சேதம் தெரிந்த பிறகும் அப்படியே விட்டுவைத்தால், கூடுதல் சேதத்தை உங்கள் தலையில் கட்டுவார்கள். கட்டைகளைக் கழற்றுமுன் படம் எடுங்கள். கழற்றியதைக் குப்பையில் போட்டுவிடாதீர்கள். கட்டையின் முனையில் சிறு பிளாஸ்டிக் அட்டையோ முத்திரையோ இருக்கிறதா பாருங்கள். அதில் எச்3 மாதிரி, கட்டையை எப்படிப்பட்ட இடத்தில் பயன்படுத்தலாம் என்று காட்டும் ஒரு வகுப்பும் மருந்தின் குறியீட்டு எண்ணும் இருக்கும். 01 என்றால் சிசிஏ. அட்டை இல்லாவிட்டால் ஒரு துண்டை ஆய்வகத்தில் கொடுத்துத் தாமிரம் பார்க்கச் சொல்லலாம். வெல்டிங்குக்கு முன், இந்தத் தகராறில் சம்பந்தமில்லாத ஒரு படகு கட்டுநரிடமோ படகுகளைப் பரிசோதிக்கும் சர்வேயரிடமோ காரணத்தை எழுத்தில் வாங்குங்கள். 'உப்புத் தண்ணீரைக் கழுவாமல் விட்டீர்கள்' என்றுதான் எதிர்த்தரப்பு சொல்லும். குழிகள் கட்டை படும் இடத்தில் மட்டும் வரிசையாக இருந்தால் அந்த வாதம் வலுவிழக்கும். அதையும் அறிக்கையில் சேர்க்கச் சொல்லுங்கள்.

முழுத் தொகையும் கிடைக்குமா? பழைய படகு என்றால் அதன் சந்தை விலையையும் பார்ப்பார்கள். 3,000 டாலர் பெறுமான படகுக்கு 4,200 டாலர் வெல்டிங் என்றால் வழக்கை விசாரிக்கும் தீர்ப்பாயம் யோசிக்கும்.

முதலில் பட்டறைக்குத் தேதி குறித்து ஒரு கடிதம் அனுப்புங்கள். மசியாவிட்டால் மாநில அரசின் நுகர்வோர் அமைப்பான என்எஸ்டபிள்யூ ஃபேர் டிரேடிங்கில் புகார், அதற்குக் கட்டணமில்லை. அதுவும் பலிக்காவிட்டால், இத்தகைய வழக்குகளை விசாரிக்கும் மாநிலத் தீர்ப்பாயமான என்கேட். அங்கே மூன்று ஆண்டுக் கெடு உண்டு. அது எந்த நாளில் தொடங்குகிறது என்று வாதாட இடமிருந்தாலும், கட்டை மாற்றிய நாளிலிருந்தே எண்ணிக்கொள்ளுங்கள். உங்களுக்கு ஓராண்டுக்கு மேல் மிச்சமிருக்காது. பொதுவாக அங்கே அவரவர் செலவு அவரவருக்கு. அனுமதி இல்லாமல் வக்கீல் ஆஜராக முடியாது. என் தொழிலுக்கு நஷ்டம்தான், ஆனால் இந்தத் தொகைக்கு அதுவே உங்களுக்கு நல்லது. தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டுமானால் விண்ணப்பத்திலேயே குறிப்பிடுங்கள். இலவசமாகவே ஏற்பாடு செய்வார்கள்.