பெரிய வீடு, சின்னச் சம்பளம்

கேள்வி: கானாடுகாத்தானில் எங்களுடையது பழைய பெரிய வீடு. பங்காளிகள் பதினொரு பேர். எங்கள் பங்குக்கு வளவில், அதாவது உள்முற்றத்தைச் சுற்றிய பகுதியில், இரண்டு அறைகள். கணவர் காரைக்குடியில் கணக்கர், சம்பளம் 32,000 ரூபாய். மகள் பிளஸ் டூவில் நல்ல மதிப்பெண் வாங்கியிருக்கிறாள். மிச்சமிருக்கும் இருபது பவுனை அடகு வைத்து, வெளியூர்த் தனியார் பொறியியல் கல்லூரியில் நிர்வாக ஒதுக்கீட்டில் சேர்க்கச் சொல்கிறார்கள் உறவினர்கள். செய்யலாமா? நாங்கள் எங்கே தவறினோம்?
– ஒரு வாசகி

பதில்: சகோதரி, நகையை அடகு வைக்காதீர்கள்.

நீங்கள் எங்கும் தவறவில்லை. உங்கள் வீட்டுத் தேக்குத் தூண்களை நிறுத்தியது முன்னோர் பர்மாவில் தொழில் செய்து சேர்த்த பணம். அது 1942-ல் ஜப்பான் பர்மாவைப் பிடித்த போரோடு போய்விட்டது. வீடு மட்டும் நின்றது. அதன்பின் மாதச் சம்பளமே பல குடும்பங்களைத் தாங்கியது. இப்போது அதுவும் தாங்கவில்லை. 2022-23-ல் நாட்டின் வருமானத்தில் 22.6 சதவீதம் மேல்தட்டு ஒரு சதவீதத்தினருக்கே போனதாக உலக ஏற்றத்தாழ்வு ஆய்வகம் கணக்கிட்டிருக்கிறது. 2015-ல் பவுன் இருபதாயிரம் ரூபாய் அளவில் இருந்தது. இன்று நான்கு மடங்குக்கும் மேல். உங்கள் கணவரின் சம்பளம் அப்படி ஏறியதா? சொத்து வைத்திருப்பவர் ஏறினார், உழைத்துச் சம்பளம் வாங்குபவர் நின்ற இடத்திலேயே நிற்கிறார். உங்கள் வீட்டில் விலைவாசிக்கு ஈடுகொடுத்து வந்தது அந்த இருபது பவுன் ஒன்றுதான். அதையும் அடகுக் கடையில் கொடுத்துவிட்டால் கையில் என்ன இருக்கும்?

காரைக்குடிப் பழம்பொருள் கடைகளில் எனாமல் சட்டிகளையும் மரப்பெட்டிகளையும் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரியும். எத்தனை வீடுகளின் கல்லூரிக் கட்டணம் அங்கே அடுக்கியிருக்கிறதோ!

மகளைப் பொறியியல் கலந்தாய்வில் பதிவு செய்யச் சொல்லுங்கள். காரைக்குடியிலேயே அழகப்ப செட்டியார் அரசுப் பொறியியல் கல்லூரி இருக்கிறது. கட்டணம் உங்கள் சம்பளத்துக்குள் அடங்கும், விடுதிச் செலவும் இல்லை. இந்த மண்ணில் அந்த அழகப்பர் தன் செல்வத்தைக் கொட்டிக் கல்வி நிலையங்களை எழுப்பியது உங்கள் மகள் போன்ற பிள்ளைகளுக்காகத்தான். பணம் போதாவிட்டால் வங்கியில் கல்விக் கடன் கேளுங்கள். குடும்ப ஆண்டு வருமானம் 4.5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால், தகுதியான படிப்புகளுக்குப் படிப்புக்காலத்திலும் அடுத்த ஓராண்டும் வட்டியை மத்திய அரசே ஏற்கும் திட்டம் இருக்கிறது. உங்கள் வருமானம் அந்த வரம்புக்குள்தான் வருகிறது.

அதற்கு வருமானச் சான்றிதழ் வேண்டும். இத்தனை பெரிய வீட்டில் இருந்துகொண்டு அதைக் கேட்பதா என்று கூசாதீர்கள். சான்றிதழ் தூண்களுக்கல்ல, சம்பளத்துக்கு. கைக்கு வரச் சில நாட்களாகும். திங்கட்கிழமையே இ-சேவை மையத்துக்குப் போய்விடுங்கள்.